தேடல் விளம்பரத்தில் கீழ் இடமே போதுமா, மேலே ஏறித்தான் ஆக வேண்டுமா?

புதுக்கணக்கு கேட்டது:

கூகுள் ஆட்ஸில் ஒரு சர்ச் கேம்பெய்ன் (தேடல் முடிவுப் பக்கத்தில் வரும் விளம்பரத் தொகுப்பு). விற்பது சிறு நிறுவனங்களுக்கான பில் போடும் மென்பொருள், மாதச் சந்தா. பிட்டிங் மேனுவல் சிபிசி, அதாவது ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுப்போம் என்ற பிட்டை (ஏலத்தொகையை) நாங்களே வைக்கிறோம். கீவேர்டுகள் (விளம்பரம் வர வேண்டிய தேடல் சொற்கள்) எல்லாம் எக்ஸாக்ட் (அதே பொருளுள்ள தேடல்) அல்லது ஃப்ரேஸ் (அந்தப் பொருளை உள்ளடக்கிய தேடல்) மேட்ச். தொகைகளை வெறும் எண்ணாகத் தருகிறேன், நாணயம் எதுவானாலும் விகிதம் மாறாது.

தினசரி பட்ஜெட் 1000. சராசரி சிபிசி (ஒரு கிளிக்கின் விலை) 20. நாள் ஒன்றுக்கு 50 கிளிக், சிடிஆர் (விளம்பரம் தெரிந்த தடவைகளில் கிளிக் விழுந்த விகிதம்) 8%. கிளிக் செய்பவர்களில் 4% பேர் இலவச சோதனைக் கணக்குத் தொடங்குகிறார்கள். தெரியும்போதெல்லாம் பெரும்பாலும் முதல் இடம்தான். இம்ப்ரெஷன் ஷேர் (விளம்பரம் தெரிந்திருக்கக்கூடிய தடவைகளில் உண்மையில் தெரிந்த பங்கு) 35%, பட்ஜெட்டால் இழந்தது 60%, ரேங்க்கால் (ஏலத்தில் பின்தங்கியதால்) இழந்தது 5%.

குழுவில் இரண்டு கருத்து. பிட்டைக் குறைத்து மூன்றாவது, நான்காவது இடத்துக்கோ பக்கத்தின் அடிக்கோ போகலாம், கிளிக் 12க்குக் கிடைக்கும் என்கிறார் ஒருவர். கீழே இருக்கும் விளம்பரத்தைச் சும்மா மேய்கிறவர்கள்தான் தொடுவார்கள், வாங்க வருகிறவர் முதல் இரண்டோடு நின்றுவிடுவார் என்கிறார் இன்னொருவர். சிடிஆர் விழுந்தால் குவாலிட்டி ஸ்கோரும் (விளம்பரத்தின் தரத்துக்குக் கூகுள் தரும் மதிப்பெண்) விழுந்து பிறகு மேலே ஏறவே முடியாமல் போகுமோ என்ற பயமும் இருக்கிறது. கணக்கு பார்த்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஏலக்கணக்கு எழுதியது:

நீங்கள் கொடுத்த எண்களில் முக்கியமானது அந்த 60%தான். பட்ஜெட் பற்றாததால் உங்கள் விளம்பரம் நாள் முழுக்க விட்டுவிட்டுத்தான் தெரிகிறது. அதாவது உங்கள் பொருளைத் தேடுகிற பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்கு முதல் இடத்தில் காட்டுகிறீர்கள், மீதிப் பேருக்கு இருக்கிற இடமே தெரியாது. இந்த நிலையில் முதல் இடத்துக்குப் பணம் கொடுப்பது வீண். பட்ஜெட்டை ஏற்ற வழியில்லை என்றால் பிட்டை இறக்குங்கள், தயங்க வேண்டியதே இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 8% சிடிஆரில் 50 கிளிக் என்றால் 625 இம்ப்ரெஷன். அது 35% என்றால் மொத்தம் கிடைக்கக்கூடியது ஏறக்குறைய 1785. பிட்டை இறக்கியதும் சிபிசி 12 ஆகிறது, பட்ஜெட் தடை நீங்குகிறது, ரேங்க்கால் கொஞ்சம் இழந்து ஷேர் 90% வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1600 இம்ப்ரெஷன். இடம் இறங்கியதால் சிடிஆர் 5% ஆக விழுந்தாலும் 80 கிளிக். செலவு 960. கன்வெர்ஷன் விகிதம் (கிளிக் செய்தவர்களில் சோதனைக் கணக்குத் தொடங்குகிறவர்களின் பங்கு) அதே 4% என்றால் நாளைக்கு 2 கணக்குக்குப் பதில் 3.2. சிடிஆர் 8லிருந்து 5க்கு விழுந்ததைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

கீழே போனால் கன்வெர்ஷன் விகிதமும் விழுமா என்பதுதான் அடுத்த கேள்வி. கூகுளின் தலைமைப் பொருளாதார வல்லுநராக இருந்த ஹால் வேரியன் 2009இல் இதைப் பற்றி எழுதினார். 11 விளம்பரம் வரும் பக்கங்களில் இடத்தைப் பொறுத்துக் கன்வெர்ஷன் விகிதம் 5%க்கும் குறைவாகவே மாறுகிறது என்பது அவர் சொன்னது: உச்சியில் 1.0% என்றால் அடியில் சராசரியாக 0.95%. அந்தக் காலத்துப் பக்கம் வேறு, வலது ஓரத்தில் ஒரு நெடுவரிசையே விளம்பரம் இருந்தது. 2016 பிப்ரவரியில் டெஸ்க்டாப்பில் அதை எடுத்துவிட்டு மேலே நான்கு வரை, அடியில் மூன்று வரை என்று ஆக்கினார்கள். அதனால் அந்த 5%ஐ இன்றைக்கு அப்படியே வேதவாக்காக எடுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் அவர் காட்டிய காரணம் இன்றும் செல்லும். இடம் மாறினால் எத்தனை பேர் கிளிக் செய்கிறார்கள் என்பது வெகுவாக மாறும். கிளிக் செய்தவர் வாங்குவாரா என்பது பெரும்பாலும் அவருடைய தேவையையும் உங்கள் பக்கத்தையும் பொறுத்தது.

இதில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ரிப்போர்ட்டில் 'மேல் – மற்றவை' என்று செக்மென்ட் போட்டு, அதாவது பக்கத்தில் விளம்பரம் வந்த இடவாரியாகப் பிரித்துப் பார்த்தால் 'மற்றவை' வரிசையில் கன்வெர்ஷன் மோசமாகத் தெரியும். உடனே "பார்த்தீர்களா, கீழ் இடம் உதவாது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். உங்கள் விளம்பரம் எந்தத் தேடலில் கீழே போகிறது? போட்டி அதிகமான, பொதுவான சொற்களில். எதில் மேலே வருகிறது? உங்களுக்கு நெருக்கமான சொற்களில். இரண்டு வரிசையிலும் இருப்பது வேறு வேறு தேடல்கள், வேறு வேறு ஆட்கள். போதாததற்கு சர்ச் பார்ட்னர் தளங்களின் (கூகுள் விளம்பரத்தைக் காட்டும் பிற தளங்கள்) கிளிக்கும் கலந்திருக்கும். முதலில் பார்ட்னர்களை ஒதுக்குங்கள். பிறகு ஒரே கீவேர்டு, எக்ஸாக்ட் மேட்ச், ஒரே வகைச் சாதனம் என்று சுருக்கிவிட்டு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் அந்த வித்தியாசத்தில் பாதிக்கு மேல் கரைந்துபோகும்.

சல்லடை எழுதியது:

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். கீழே இருப்பது இரண்டு வகை. பிட்டைக் குறைத்ததால் கீழே இருப்பது ஒன்று, விளம்பரமோ பக்கமோ பலவீனமாக இருப்பதால் கீழே கிடப்பது இன்னொன்று. முதலாவது ஒரு தேர்வு. இரண்டாவது ஒரு நோய், அதற்குக் கிளிக் மலிவாகவும் கிடைக்காது.

காரணம் இதுதான். ஆட் ரேங்க் (ஏலத்தில் விளம்பரத்தின் இடத்தைத் தீர்மானிக்கும் மதிப்பு) என்பது வெறும் பிட் அல்ல. பிட், விளம்பரத்தின் தரம், தேடியவரின் சூழல், சைட்லிங்க் (விளம்பரத்தோடு வரும், தளத்தின் உட்பக்கங்களுக்கான சுட்டி) போன்ற இணைப்புகளால் வரக்கூடிய பலன், அந்த ஏலத்தின் போட்டி எல்லாம் சேர்ந்தது. இவற்றோடு ஒரு குறைந்தபட்ச வரம்பும் உண்டு. அதைத் தாண்டாத விளம்பரம் பக்கத்திலேயே வராது. உங்களுக்குக் கீழே யாரும் இல்லை என்றால், கீழே இருப்பவரைத் தாண்டும் அளவுக்குக் கொடுப்பதற்குப் பதில் அந்த வரம்பைத் தாண்டும் அளவுக்குக் கொடுக்கிறீர்கள். தரம் குறைந்த விளம்பரம் அந்த வரம்பைத் தாண்டவே அதிக பிட் கேட்கும். கடைசி இடம் என்பதால் அடிமட்ட விலை என்று நினைத்துப் போய், மூன்றாம் இடத்துக்காரர் கொடுப்பதையே கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

சோதிப்பது எளிது. கீவேர்டு பட்டியலில் குவாலிட்டி ஸ்கோர் நெடுவரிசையோடு அதன் மூன்று பகுதிகளையும் சேர்த்துப் போடுங்கள்: எதிர்பார்க்கும் சிடிஆர், விளம்பரப் பொருத்தம், லேண்டிங் பேஜ் (கிளிக் செய்தவர் போய்ச் சேரும் பக்கம்) அனுபவம். மூன்றும் 'சராசரி' அல்லது அதற்கு மேல் என்றால் தைரியமாக பிட்டை இறக்கலாம். ஏதாவது ஒன்று 'சராசரிக்குக் கீழே' என்றால் அதைச் சரிசெய்த பிறகே பிட்டில் கை வையுங்கள். ஸ்கோர் காட்டாமல் கோடு மட்டும் இருந்தால் அந்தக் கீவேர்டுக்குப் போதுமான தேடல் இல்லை என்று அர்த்தம்.

சிடிஆர் விழுந்தால் ஸ்கோர் விழுமா என்ற பயம் வேண்டாம். 'எதிர்பார்க்கும் சிடிஆர்' கணக்கிடும்போது இடத்தின் பாதிப்பைக் கழித்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். நான்காம் இடத்தில் இருப்பவரை முதல் இடத்துக்காரரின் சிடிஆரோடு நிறுத்திப் பார்ப்பதில்லை. இறங்கிய பிறகு ஸ்கோர் குறைந்தால் வேறு காரணத்தைத் தேடுங்கள்: விளம்பர வரிகளை மாற்றினீர்களா, பக்கம் திறக்கத் தாமதமாகிறதா, போட்டியாளர் நல்ல விளம்பரம் போட்டுவிட்டாரா.

உண்மையில் இழப்பது சைட்லிங்க் போன்ற இணைப்புகளைத்தான். இடம் இறங்க இறங்க அவை தெரிவது குறையும், விளம்பரம் தலைப்பும் இரண்டு வரியுமாகச் சுருங்கும். ஆகவே விலை, சோதனைக் காலம், யாருக்கானது என்ற மூன்றையும் தலைப்புக்குள்ளும் விவரணைக்குள்ளும் கொண்டுவந்துவிடுங்கள். சைட்லிங்க்கை நம்பி அங்கே மட்டும் வைக்காதீர்கள். கீழே இருக்கிற விளம்பரத்தில் விலையைச் சொல்வது இன்னொரு வகையிலும் நல்லது. ஏற்கெனவே இரண்டு மூன்று பேரைப் பார்த்துவிட்டு இறங்கி வருகிறவர் அவர். விலை பிடிக்காதவர் தொடமாட்டார், உங்கள் 12 மிச்சம்.

தொடுதிரை எழுதியது:

மொபைலை யாரும் சொல்லவில்லை. டெஸ்க்டாப்பில் மூன்றாம் இடம் என்பது ஸ்க்ரோல் செய்யாமலே கண்ணில் படலாம். கைபேசியில் முதல் விளம்பரமே சைட்லிங்க்குகளோடு திரையை நிறைத்துவிடும், மூன்றாவது இரண்டு விரல் தள்ளலுக்கு அப்பால். ஒரே 'மூன்றாம் இடம்' இரண்டு சாதனத்தில் இரண்டு மதிப்பு. பிட்டை மொத்தமாக வெட்டாமல் சாதனவாரி பிட் மாற்றத்தைப் பயன்படுத்துங்கள். பில் மென்பொருள் போன்ற பொருளுக்குப் பதிவு பெரும்பாலும் கணினியில்தான் நடக்கும் என்றால், மொபைலில் முதலில் இறக்கிப் பாருங்கள்.

எந்தப் பொருளுக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இந்த இழையைப் பிறகு படிக்கிறவர்களுக்காக. வண்டி நடுவழியில் நின்றுவிட்டது, பூட்டு திறக்கவில்லை, குழாய் உடைந்துவிட்டது என்று தேடுகிறவர் ஒப்பிடமாட்டார். முதலில் தெரியும் எண்ணைத் தொட்டு அழைத்துவிடுவார். அங்கே நான்காம் இடம் என்பது கிட்டத்தட்ட இல்லாத இடம். உங்கள் சொந்தப் பிராண்டுப் பெயரிலும் இறங்காதீர்கள். அதில் உங்கள் தரம் எல்லோரையும் விட உயர்வாக இருக்கும், கிளிக் எப்படியும் மலிவு. இறங்கினால் உங்களைத் தேடி வந்தவரைப் போட்டியாளருக்குத் தூக்கிக் கொடுத்தது போல ஆகும். பிராண்டுச் சொற்களைத் தனி கேம்பெய்னாகப் பிரித்துவிட்டுத்தான் இந்தச் சோதனையையே தொடங்க வேண்டும். கலந்து கிடந்தால் சராசரி எல்லாமே பொய் சொல்லும்.

புதுக்கணக்கு எழுதியது:

மிக்க நன்றி. பிராண்டுச் சொற்கள் ஏற்கெனவே தனியாகத்தான் இருக்கின்றன. குவாலிட்டி ஸ்கோரின் மூன்று பகுதியும் சராசரி அல்லது மேல். இப்போது நடைமுறைக் கேள்வி: பழைய 'சராசரி இடம்' நெடுவரிசை இல்லாமல் எங்கே இருக்கிறேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு மாதம் மேலே, ஒரு மாதம் கீழே என்று ஓட்டி ஒப்பிட்டால் போதுமா? குழுவில் ஒருவர் டார்கெட் இம்ப்ரெஷன் ஷேர் (குறித்த பங்குக்குத் தெரியும்படி கூகுளே பிட் வைப்பது) முறையைப் போட்டு இடத்தைப் பிடித்து வைக்கலாம் என்கிறார்.

நிறைதராசு எழுதியது:

சராசரி இடத்தை 2019 செப்டம்பரோடு எடுத்துவிட்டார்கள், அதற்காக வருந்த வேண்டாம். அது மற்ற விளம்பரங்களோடு ஒப்பிட்டு எத்தனையாவது என்று மட்டும் சொன்னது, பக்கத்தில் எங்கே என்று சொல்லவில்லை. '2' என்பது மேலேயும் இருக்கலாம், மேலே விளம்பரமே வராத பக்கத்தின் அடியிலும் இருக்கலாம். இப்போது இரண்டு சதவீதத்தைப் பாருங்கள்: உங்கள் இம்ப்ரெஷன்களில் எத்தனை 'மேல்' பகுதியில் வந்தன, எத்தனை அதிலும் முதலாவதாக வந்தன. பிட்டை இறக்கும்போது இரண்டாவது முதலில் சரியும், அப்புறம் முதலாவது சரியும். ஒரு எச்சரிக்கை: 2024இல் 'மேல்' என்பதன் விளக்கத்தைத் திருத்தினார்கள். சில தேடல்களில் இயல்பான முடிவுகளின் முதல் சிலவற்றுக்குக் கீழே வரும் விளம்பரமும் 'மேல்' என்றே எண்ணப்படும். பழைய ஆண்டுகளின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள்.

ஒரு மாதம் இப்படி, ஒரு மாதம் அப்படி என்பது வேண்டவே வேண்டாம். கணக்கு முடிக்கும் மாதம், விடுமுறை மாதம், போட்டியாளர் பட்ஜெட் ஏற்றிய மாதம் எல்லாம் இடையில் புகுந்து எது எதனால் என்றே தெரியாமல் செய்துவிடும். கூகுள் ஆட்ஸிலேயே எக்ஸ்பெரிமென்ட் வசதி இருக்கிறது. கேம்பெய்னைப் பாதிப் பாதியாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். குக்கீ அடிப்படையில் பிரிக்கச் சொல்லுங்கள், ஒரே ஆள் இரண்டு பக்கமும் வராமல் இருக்க. பிட்டைத் தவிர ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது: புதிய விளம்பரம், புதிய நெகட்டிவ் கீவேர்டு (விளம்பரம் வரக் கூடாத தேடல் சொல்), பக்கத்தில் திருத்தம் எதுவும்.

எவ்வளவு கிளிக் வேண்டும் என்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். 3% கன்வெர்ஷன் உள்ள கணக்கில் 1000 கிளிக்குக்கு 30 கன்வெர்ஷன் வந்தால், உண்மையான விகிதம் ஏறக்குறைய 2% முதல் 4% வரை எங்கேயும் இருக்கலாம். 5% சரிவு போன்ற நுண்ணிய வித்தியாசத்தைப் பிடிக்க ஒவ்வொரு பக்கமும் லட்சக்கணக்கில் கிளிக் வேண்டும். சிறிய கணக்கில் அது நடக்காது. ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். சிபிசி 20லிருந்து 12 ஆனால், கன்வெர்ஷன் விகிதம் எவ்வளவு விழுந்தால் ஆதாயம் அழியும்? 12ஐ 20ஆல் வகுத்தால் 0.6. அதாவது 4% என்பது 2.4%க்குக் கீழே போக வேண்டும். அவ்வளவு பெரிய சரிவு நடந்ததா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் உங்களுக்குப் போதும். அதற்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 2000 கிளிக் போதுமானது.

அதுவும் உங்கள் பட்ஜெட்டுக்கு நீளம்தான். மேல் பிட் பாதிக்கு நாளைக்கு 25 கிளிக் என்றால் 80 நாள். குறுக்குவழி ஒன்று: பதிவுப் படிவத்தைத் திறந்ததையும் ஒரு கன்வெர்ஷனாக அளவிடுங்கள். அதன் விகிதம் 12% அளவு இருந்தால், இதே 40% சரிவைப் பிடிக்கச் சோதனையின் ஒவ்வொரு பாதிக்கும் 600 கிளிக் போதும், மூன்றரை வாரத்தில் முடிந்துவிடும். அதை 'இரண்டாம் நிலை' என்று குறித்து வையுங்கள், முக்கியக் கன்வெர்ஷன் எண்ணிக்கையோடு கலக்கக் கூடாது. சிபிசியும் கிளிக் எண்ணிக்கையும் ஓரிரு வாரத்திலேயே நிலைக்கு வந்துவிடும், அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

டார்கெட் இம்ப்ரெஷன் ஷேர் பற்றி: அது இடத்தை வாங்கும், லாபத்தைப் பார்க்காது. போட்டியாளர் ஏற்றினால் உங்கள் பிட்டும் சேர்ந்து ஏறும். 'பக்கத்தில் எங்கேயாவது' என்ற இலக்கோடு, அதிகபட்ச சிபிசி வரம்பையும் வைத்தால் கீழ் இடத்தில் பரவலாகத் தெரிய அதைப் பயன்படுத்தலாம். வரம்பு வைக்காமல் தொடாதீர்கள். இந்தச் சோதனைக்கு நீங்கள் வைத்திருக்கும் மேனுவல் சிபிசியே நல்லது. இதைப் படிக்கிற வேறு யாராவது மேக்ஸிமைஸ் கன்வெர்ஷன்ஸ் (கன்வெர்ஷன் கூடும்படி கூகுளே பிட் வைக்கும் முறை) ஓட்டுகிறவர் என்றால், பட்ஜெட் பற்றாதபோது அதுவே பிட்டை இறக்கிப் பட்ஜெட்டுக்குள் அதிக கன்வெர்ஷனைத் தேடும். அங்கே இடத்தைப் பற்றிக் கவலைப்பட வேலையே இல்லை.

ஏலக்கணக்கு எழுதியது:

எக்ஸ்பெரிமென்ட்டுக்கு முன் பிட்டை எந்த அளவுக்கு இறக்குவது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரே வெட்டாக 40% குறைக்காதீர்கள். 15% குறையுங்கள், ஒரு வாரம் விடுங்கள், பட்ஜெட்டால் இழந்த பங்கு எவ்வளவு சுருங்கியது என்று பாருங்கள். அது 10%க்குள் வரும்வரை இறக்கிக்கொண்டே போங்கள். கீவேர்டின் நிலையில் 'முதல் பக்க பிட்டுக்குக் கீழே' என்று வந்தால் அந்தக் கீவேர்டுக்கு அதுதான் தரை, ஒரு படி மேலே ஏற்றி நிறுத்துங்கள். 2024 ஜூனில் டெஸ்க்டாப்பில் தொடர் ஸ்க்ரோலை நிறுத்திப் பக்க எண்களைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு, முதல் பக்கத்தைத் தாண்டினால் ஆள் நடமாட்டமே இல்லை. பக்கத்தின் அடியும் முன்புபோல அமைதியான இடம் அல்ல. மேலுக்கும் அடிக்கும் தனித்தனி ஏலம் நடக்கிறது. மேலே காட்டிய அதே நிறுவனத்தின் விளம்பரம் அடியிலும் வர 2025 முதல் வழியிருக்கிறது. அதனால் உங்கள் இலக்கு பக்கத்தின் அடியாக இருக்க வேண்டாம், 'மேல்' பகுதியின் இரண்டு முதல் நான்கு வரை.

பட்ஜெட் தடை நீங்கிய பிறகு விளையாட்டு மாறும். அப்போது "மேலே போனால் கூடுதலாக வரும் கிளிக் ஒன்றுக்கு எவ்வளவு" என்று மட்டும் கேளுங்கள். ஓர் உதாரணம்: சிபிசி 12இல் மாதம் 500 கிளிக், செலவு 6000. சிபிசி 20இல் 700 கிளிக், செலவு 14000. சராசரி 12லிருந்து 20 ஆனதாகத்தான் ரிப்போர்ட் காட்டும். ஆனால் கூடுதலாக வந்தது 200 கிளிக், கூடுதலாகக் கொடுத்தது 8000. அந்தக் கிளிக் ஒவ்வொன்றும் 40. விகிதம் 4% என்றால் அந்தக் கூடுதல் வாடிக்கையாளர் ஒருவருக்கு 1000 செலவு. ஒருவரால் வரும் லாபம் 600 என்றால், முதல் நிலையில் 20 பேர், 12000லிருந்து 6000 போக மிச்சம் 6000. இரண்டாவதில் 28 பேர், 16800லிருந்து 14000 போக மிச்சம் 2800. வாடிக்கையாளர் கூடியிருக்கிறார்கள், லாபம் பாதிக்கும் கீழே. சராசரிச் செலவு ஒருவருக்கு 500 என்பதைப் பார்த்து "600க்குள் தானே இருக்கிறது" என்று திருப்திப்படுகிறவர் இந்த நஷ்டத்தைக் காணவே மாட்டார்.

இந்த எண்களை எடுக்க பிட் சிமுலேட்டர் உதவும். கடந்த ஏழு நாள் ஏலங்களை வைத்து, வேறு பிட் போட்டிருந்தால் எத்தனை கிளிக், என்ன செலவு வந்திருக்கும் என்று காட்டும். போட்டியாளர்கள் அசையவில்லை என்று வைத்துக்கொண்டு சொல்லும் மதிப்பீடு அது, அதனால் திசையை நம்புங்கள், கடைசி இலக்கத்தை நம்பாதீர்கள். அடுத்தடுத்த இரண்டு வரிகளின் செலவு வித்தியாசத்தைக் கிளிக் வித்தியாசத்தால் வகுத்துக்கொண்டே வாருங்கள். விடை, உங்களுக்கு ஒரு கிளிக்கால் வரும் லாபத்தை எந்த வரியில் தாண்டுகிறதோ அதற்கு முந்தைய வரிதான் உங்கள் பிட். மேலே சொன்ன உதாரணத்தில் அந்த எல்லை 600இல் 4%, அதாவது 24. அது முதல் இடத்தில் கொண்டுபோய் விட்டாலும் சரி, நான்காவதில் விட்டாலும் சரி.

உங்கள் கணக்கில் சோதனைக் கணக்குத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. அந்த எண் இல்லாமல் கிளிக்கின் மதிப்பைப் போட முடியாது. அதை எடுத்து இங்கே போடுங்கள், எல்லைப் பிட் எங்கே விழுகிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.